யாருடைய முதுகில் அளந்த எண்?

போன பங்குனி வெயிலுக்குள் எங்கட வாசிப்பு வட்டம் கூடினபோது புத்தகத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு தோழி கைப்பையிலிருந்து இரண்டு ரியூப்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று கனடாவிலிருந்து வந்த மச்சாள் கொடுத்த கொரியன் சன்ஸ்கிறீன். எஸ்.பி.எஃப் 50, பக்கத்தில் பி.ஏ, அதற்குப் பக்கத்தில் நாலு கூட்டல் அடையாளம். மற்றது ரவுணில் பாமசியில் வாங்கியது, எஸ்.பி.எஃப் 30. இதில எது நல்லது என்பதுதான் கேள்வி.

"ரெண்டும் ஒண்டுதான். முப்பதுக்கும் அம்பதுக்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம் எண்டு யூரியூப்பில சொல்லுகினம்" என்றான் ஒருவன். "எங்கட கறுப்புத் தோலுக்கு உதொண்டும் தேவையில்லை, உது வெள்ளைக்காரன்ர சாமான்" என்றான் இன்னொருவன். அதுவரை பேசாமல் இருந்த ஒருத்தி கடைசியில் வாய் திறந்தாள். அவளுடைய அம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். "அம்பது எண்டா, அம்பது என்ன? அம்பது நிமிசமா, அம்பது சதவீதமா, அம்பது மடங்கா?"

ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. முகத்தில் தினமும் பூசுகிறோம், அதற்காக நாலாயிரம் ரூபா கொடுக்கிறோம், ரியூப்பில் இருக்கும் எண் எதை எண்ணுகிறது என்று தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனபோது இருநூறு வருசக் கதை ஒன்று கிடைத்தது.

கதை 1820இல் லண்டனில் தொடங்குகிறது. எவராட் ஹோம் என்ற சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு சந்தேகம். கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் வெயில் அதிகமான நாடுகளில் வாழும் மனிதர்களுக்கு ஏன் கறுப்புத் தோல் இருக்கிறது? அது அவர்களுக்குத் தீமையல்லவா செய்ய வேண்டும்? அவர் தன் இரண்டு கைகளையும் வெயிலில் நீட்டினார். ஒரு கை வெறுமையாக, மற்றது கறுப்புத் துணியால் மூடி. வெப்பமானியில் பார்த்தால் துணிக்குக் கீழேதான் சூடு கூட. ஆனால் எரிந்து சிவந்தது வெறும் கைதான். தோலைச் சுடுவது வெயிலின் சூடு மட்டும் இல்லை, ஒளியில் வேறு ஏதோ இருக்கிறது, கறுப்பு அதைத் தடுக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். றோயல் சொசைட்டியின் ஏட்டில் 1821இல் அது அச்சானது.

புற ஊதாக் கதிரை (பள்ளிக்கூடத்தில் கழியூதா என்று படித்தோமே, அதுதான்) ஜேர்மனியில் ரிற்றர் 1801இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் தோல் சிவப்பதற்கும் அதற்கும் ஹோம் முடிச்சுப் போடவில்லை. பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை இன்னும் ஒழியாத காலம் அது. கறுப்புத் தோலைப் பற்றி ஒரு வெள்ளை வைத்தியர் கேட்கும் கேள்வி அந்தக் காலத்துக்கு வெளியே நின்று கேட்டதாக இருக்க முடியாது. ஆளும் லேசான ஆளில்லை. தன் அத்தானும் ஆசானுமான ஜோன் ஹன்டரின் கையெழுத்துப் பிரதிகளை 1823இல் நெருப்பில் போட்டவர் இவர்தான். அது இருக்கட்டும். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் இரண்டு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆரம்ப காலப் பரிசோதனைகளில் ஒன்று ஒரு துண்டுத் துணியைக் கொண்டு நடந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

அடுத்த நூறு வருசத்தை விரைவாகக் கடக்கலாம். 1922இல் ஹவுசர், வாலே என்ற இரண்டு ஜேர்மனியர்கள் எந்த அலைநீளக் கதிர் தோலை அதிகம் சிவக்க வைக்கிறது என்று அளந்தார்கள். இன்று யூ.வீ.பி என்கிறோமே, அந்தப் பகுதி. எதிரி யார் என்று தெரிந்ததும் அவனை மட்டும் தடுக்கும் எண்ணெய்களும் கிறீம்களும் வரத் தொடங்கின.

அவற்றை யார் வாங்கினார்கள் என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் பிரான்சில் லொறியால் நிறுவனத்தைத் தொடங்கிய யூஜின் ஷுலர், அம்ப்ர் சொலேர் என்ற எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவு சட்டமானது. கடற்கரைகள் நிரம்பின. அங்கே போனவர்கள் விரும்பியது மண்ணிறமாக வர, ஆனால் எரியாமல் வர. கறுப்பதற்கு உதவி செய்யும் சாமானாகத்தான் அது விற்கப்பட்டது! அதே வகைச் சாமானின் விளம்பரம் இன்று எங்கட தொலைக்காட்சியில் வரும்போது "கறுத்துப் போகாமல்" என்று வருகிறது. அங்கே ஒரு ஆசையை விற்றார்கள், இங்கே ஒரு பயத்தை விற்கிறார்கள். "வெயிலுக்க திரியாத, கறுத்துப் போவாய், பிறகு ஆர் கட்டுறது" என்று கேட்டு வளர்ந்த பெட்டையளுக்கு அந்தப் பயத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். கிறீம்கள் கூடக் கூட, எது மேல் என்று சொல்ல ஒரு அளவு வேண்டியிருந்தது. 1934இல் பிரெட்ரிக் எல்லிங்கர் என்ற ஜேர்மன் வைத்தியர் ஆட்களின் முன்னங்கைகளில் பாதரச விளக்கு ஒளியைப் பாய்ச்சினார். ஒரு கையில் மருந்து, மற்றக் கை வெறுமை. எவ்வளவு கதிரில் தோல் மெலிதாகச் சிவக்கத் தொடங்குகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு ஒரு எண் கொடுத்தார். அவருடைய எண் தலைகீழானது, பாதுகாப்புக் கூடக் கூட எண் குறையும். அந்த முறையே நிலைத்திருந்தால் இன்று கடையில் "ஆகக் குறைஞ்சது தாங்கோ அண்ணை" என்று கேட்டிருப்போம்.

1956இல் றுடொல்ஃப் ஷுல்ற்ஸே அதை நேராக்கினார். கிறீம் பூசிய தோல் சிவக்க எடுக்கும் நேரத்தை, பூசாத தோல் சிவக்க எடுக்கும் நேரத்தால் வகுத்தார். கடைகளில் விற்ற கிறீம்களை அப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒஸ்ட்ரியாவின் பிரான்ஸ் கிறைற்றர் 1974இல் அந்தக் கணக்கைப் பரவலாக்கி, சூரியப் பாதுகாப்புக் காரணி என்று பெயர் சொல்லி விற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். 1938இல் பிஸ் பூயின் என்ற மலையில் ஏறி வெயிலில் வெந்ததால்தான் கிறீம் செய்யத் தொடங்கினார் என்பது அவருடைய கம்பனிக் கதை. அந்த மலையின் பெயர்தான் கிறீமுக்கும். 1978இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு விதிகளை முன்வைத்தது.

ஆக, தோழியின் கேள்விக்குப் பதில்: மடங்கு. வெறும் தோலைச் சிவக்க வைக்கும் கதிரைப் போல 50 மடங்கு கதிர் விழுந்தபிறகுதான் பூசிய தோல் சிவக்கிறது என்றால் எஸ்.பி.எஃப் 50. நிமிசக் கணக்கில்லை. காலை எட்டு மணி வெயிலின் ஒரு மணித்தியாலமும் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலின் ஒரு மணித்தியாலமும் ஒன்றில்லை. எங்கட நாடு மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறபடியால் மத்தியானத்தில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது சாதாரணம், உலக அளவீட்டில் அதுதான் ஆக உயர்ந்த வகுப்பு.

யூரியூப் அண்ணையின் ஒரு சதவீதமும் பொய் இல்லை. 30 தடுப்பது ஏறக்குறைய 97 சதவீதம், 50 தடுப்பது 98. ஆனால் தடுத்ததை எண்ணி என்ன பிரயோசனம்? தோலுக்குள் இறங்குவதை எண்ண வேண்டும். நூறில் 30 விடுவது மூன்றே சொச்சம், 50 விடுவது இரண்டு. அப்படிப் பார்த்தால் முதலாவது மற்றதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலே விடுகிறது. வெயிலில் லேசில் எரிகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த எண் எப்படிப் பெறப்படுகிறது என்று பாருங்கோ. ஆய்வுகூடத்தில் ஆகக் குறைந்தது பத்துப் பேர் குப்புறப் படுக்கிறார்கள். முதுகில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் கிறீம், நிறுத்துப் பூசப்படுகிறது. சூரியனைப் போன்ற ஒரு விளக்கு. அடுத்த நாள் வந்து எந்தச் சதுரம் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஜேர்மனி 1984இல் தனக்கென்று ஒரு தரம் எழுதியபோது 2க்குப் பதிலாக 1.5 மில்லிகிராம் என்று வைத்தது. அதனால் ஒரே கிறீமுக்கு ஜேர்மனியில் ஒரு எண், அமெரிக்காவில் அதைவிடப் பெரிய எண். கிறீம் மாறவில்லை, பூசின தடிப்பு மாறிவிட்டது.

இதை வாசித்தபிறகு எங்களுக்கு ஒரு விசர் யோசனை வந்தது. எங்களில் ஒருவனின் பெரியப்பா நகைத் தொழில் செய்கிறவர். அவருடைய தராசில், வழக்கமாக முகத்துக்கும் கழுத்துக்கும் பூசும் அளவை ஒவ்வொருவராக நிறுத்தோம். முகமும் கழுத்தும் சேர்ந்து அண்ணளவாக 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். எங்களில் ஆகக் கூடப் பூசினவளுக்கு 0.6 வந்தது. மற்றவர்கள் 0.3, 0.4. பெரியப்பா, "பவுனைவிடச் சிக்கனமாப் பாவிக்கிறியள்" என்று சிரித்தார். நாங்கள் மட்டுமில்லை, பல நாடுகளில் அளந்து பார்த்ததிலும் ஆட்கள் பூசுவது 2 மில்லிகிராமில் அரைவாசியோ அதற்கும் குறைவோதான். பாதியளவு பூசினால் கிடைக்கும் பாதுகாப்பும் பாதிக்குக் கிட்டவோ அதற்குக் கீழேயோ போய்விடும். நாலாயிரம் ரூபா ரியூப் முடிந்துவிடும் என்ற பயத்தில் மெல்லியதாகப் பூசின 50ஐவிட, மலிவென்பதால் தாராளமாகப் பூசின 30 நல்லது. கைவசம் தராசு இல்லாதவர்களுக்கு 2002இல் பிரித்தானிய மருத்துவ ஏடு ஒன்றில் வந்த ஒரு வழி உதவும்: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்கினால் தலை, முகம், கழுத்துப் பகுதிக்கு அண்ணளவாகச் சரி.

அந்த நாலு கூட்டல் அடையாளத்துக்கு இனி வரலாம். எஸ்.பி.எஃப் பார்ப்பது சிவப்பை மட்டும். சிவக்க வைப்பது பெரும்பாலும் யூ.வீ.பி. ஆனால் யூ.வீ.ஏ என்று இன்னொன்று இருக்கிறது, அது தோலுக்குள் ஆழமாகப் போகும், பஸ் யன்னல் கண்ணாடியாலும் வரும். எரியாமலே வேலையைக் காட்டும். பழைய கிறீம்கள் பல யூ.வீ.பியை மட்டும் தடுத்தன. எரியவில்லைத்தானே என்று ஆட்கள் இன்னும் நேரம் வெயிலில் கிடந்தார்கள், அவ்வளவு நேரமும் மற்றக் கதிர் இறங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்ட மாதிரி. இங்கிலாந்தில் 1992இல் பூட்ஸ் கடைகள் யூ.வீ.ஏக்கு நட்சத்திரம் போடத் தொடங்கின. 1996இல் யப்பான் பி.ஏ முறையைக் கொண்டுவந்தது. 2006இல் ஐரோப்பா, யூ.வீ.ஏ பாதுகாப்பு எஸ்.பி.எஃப்பின் மூன்றிலொரு பங்காவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. யப்பான் முறையில் பார்ப்பது சிவப்பை இல்லை. கதிர் பட்ட இடம் எவ்வளவு கறுக்கிறது, அந்தக் கறுப்பு எவ்வளவு நிலைக்கிறது என்பதை. இரண்டு கூட்டலுக்கு 4 மடங்கு, மூன்றுக்கு 8, நாலுக்கு 16க்கு மேல். எங்களைப் போன்ற தோலுக்கு அந்தக் கூட்டல்கள் ரியூப்பின் பெரிய எண்ணைவிட அதிகம் சொல்கின்றன என்பது எங்கட எண்ணம்.

எங்களைப் போன்ற தோல் என்று சொன்னோமே, சண்டையின் உண்மையான இடம் அதுதான். 1975இல் தோமஸ் பிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர், வெயிலுக்கு எப்படி எரிகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். சொரியாசிஸ் நோயாளருக்கு எவ்வளவு கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாம் என்று முடிவெடுக்கத்தான் அதைச் செய்தார். முதலில் இருந்தவை வெள்ளைத் தோலின் வகைகள். மண்ணிறத்துக்கும் கறுப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்க்கப்பட்டன. எஸ்.பி.எஃப் சோதனைக்குப் படுக்கிற முதுகுகள் அமெரிக்க விதிப்படி முதல் மூன்று வகையைச் சேர்ந்தவை. காரணம் சூழ்ச்சி ஒன்றுமில்லை, சிவப்பு அவற்றில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் சிவப்பை அளவுகோலாக எடுத்ததே யாருடைய தோலைப் பார்த்து என்று கேட்டால் பதில் சங்கடமானது. வெயிலில் நின்றுவிட்டு வந்து "நான் சிவந்துபோனேன்" என்று எங்கட வீட்டில் ஆர் சொல்லியிருக்கினம்?

அப்ப அந்தத் தோழன் சொன்னது சரியா, உது வெள்ளைக்காரன்ர சாமானா? பாதி சரி. 1979இல் கைட்பே என்பவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், கறுப்பினத்தவரின் மேற்தோல் தானாகவே யூ.வீ.பிக்கு எதிராகச் சராசரியாக 13.4 அளவு பாதுகாப்பைக் கொடுத்தது, வெள்ளையரின் மேற்தோல் 3.4. ஹோம் துணியை வைத்து ஊகித்ததற்கு எண் கிடைத்துவிட்டது. எங்கட தோல்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கெங்கோ இருக்கின்றன. தோல் புற்றுநோய்ப் பயத்தை வெள்ளைக்காரர் அளவுக்கு நாங்கள் சுமக்கத் தேவையில்லை. 1981இல் 36 வயதில் பொப் மார்லியைக் கொன்ற மெலனோமா கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே தொடங்கியது. கறுப்புத் தோலில் வருகிற அந்த வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதை எந்தச் சன்ஸ்கிறீனும் தடுத்திராது, உள்ளங்காலையும் நகத்தையும் பார்த்துக்கொள்வதுதான் வழி.

மற்றப் பாதி வேறு. கன்னத்தில் படரும் மங்கு, பரு காய்ந்தபின் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பு அடையாளம், இவை எங்கட தோலின் தொல்லைகள். 2010இல் வந்த ஒரு ஆய்வு, புற ஊதாக் கதிர் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே கருமையான தோலை நிலைத்து நிற்கும்படி கறுக்க வைக்கிறது என்று காட்டியது. வெள்ளைத் தோலில் அது நடக்கவில்லை. அதை எஸ்.பி.எஃப்பும் அளக்காது, கூட்டல் அடையாளமும் அளக்காது. தடுப்பது இரும்பு ஒட்சைட்டு கலந்த, நிறமூட்டிய கிறீம்கள். எங்கட செம்மண்ணைச் சிவப்பாக்குகிற அதே வகைச் சாமான்! ஆனால் கடையில் கிடைக்கும் நிறங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கானவை, நாக ஒட்சைட்டுக் கிறீமைப் பூசினால் நாங்கள் சாம்பல் பூசின ஆட்கள் மாதிரி நிற்கிறோம். லூப்பஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் நோயையே கிளப்பிவிடும். அல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்குச் சன்ஸ்கிறீன் அழகுச் சாமானே இல்லை, உயிர்க் காப்பு. தன்சானியாவின் மோஷி நகரில் அவர்களுக்காகவே கிலிசன் என்ற கிறீமைச் செய்து கொடுக்கிறார்கள். இத்தனை ஒப்பீடுகளையும் வாசித்ததில் எங்களுக்கு ஆக மரியாதை வந்த ரியூப் அதுதான்.

எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஒரு கேள்வி. நியூயோர்க்கில் ஒரு சோதனைக்கூடம், சொன்ன எண்ணிக்கையைவிடக் குறைவான ஆட்களில் சோதித்துவிட்டு முழு எண்ணிக்கைக்கும் அறிக்கை எழுதி வந்தது, 1987இலிருந்து 2017 வரை. உரிமையாளர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். சன்ஸ்கிறீனை மருந்துபோலக் கட்டுப்படுத்துகிற அவுஸ்திரேலியாவிலேயே 2025 ஆனியில் சொய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 கிறீம்களைச் சோதித்தபோது 16 தாங்கள் சொன்ன எண்ணைத் தொடவில்லை. பல 20களிலும் 30களிலும் நின்றன. 50க்கு மேல் என்று எழுதியிருந்த ஒன்று 4 காட்டியது. நம்பி வாங்கின ஆட்களின் கோபத்துக்குப் பிறகு அந்தக் கிறீம் திருப்பியழைக்கப்பட்டது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அப்ப எல்லாம் ஏமாற்று என்று நினைத்தால் அதுவும் பிழை. அதே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 தொடக்கம் 1996 வரை 1,621 பேரை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் பூசச் சொன்னார்கள், மற்றப் பிரிவு வழமைபோல் விரும்பினால் பூசலாம். கொடுத்தது வெறும் எஸ்.பி.எஃப் 16. தினமும் பூசினவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 2011இல் வந்த தொடர் ஆய்வில் மெலனோமா ஒரு பக்கம் 11 பேருக்கு, மறுபக்கம் 22 பேருக்கு. வெள்ளைத் தோல்களில் கிடைத்த முடிவு அது, அப்படியே எங்களுக்கு எடுத்து வைக்க ஏலாது. ஆனால் 50ஐத் துரத்தாமல் 16ஐ ஒழுங்காகப் பூசி அவ்வளவு பெற்றிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கோ.

கேள்வி கேட்டவளின் அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பிறகு கணக்குப் போட்டோம். வளர்ந்த ஒருவரின் தோல் அண்ணளவாக 1.7 சதுர மீற்றர். முழுதும் பூச 34 கிராம். வேர்வைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூச வேண்டும். 50 கிராம் ரியூப் ஒருநாளுக்கும் காணாது. அந்த ரியூப்பின் விலைக்கு அவர் எத்தனை நாள் வெங்காயம் பிடுங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது நாங்கள் கணக்கை நிறுத்திவிட்டோம்.

அம்மாவோ அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டுதான் எப்போதும் தோட்டத்துக்குப் போவார். துணிக்கும் எண் இருக்கிறது. 1996இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அதற்குத் தரம் எழுதின. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட் 7 அளவில் நிற்கும், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி 50க்கும் போகும். உரஞ்சித் தேயாது, வேர்வையில் கழுவுப்படாது, யாரும் அரைவாசியாகப் போடுவதும் இல்லை.

எஸ்.பி.எஃப் 30 ரியூப் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறது. சேட்டும் துவாயும் மூடாத முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் பூசச் சொல்லிக் கொடுத்தோம், இரண்டு விரல் கணக்கையும் காட்டி. இரண்டாம் நாள் அம்மாவிடமிருந்து முறைப்பாடு வந்தது, வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரியுதாம். அதனால் நெற்றியை விட்டுவிட்டு மூக்கிலிருந்து கீழேதான் பூசுகிறார். "நெத்திக்குத்தான் துவாய் இருக்கே, இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினாச் சரி" என்றாராம்.